ஏம்மா, அந்த ஆளுகிட்டச் சொல்லு

என் மாமனார் சூசைமாணிக்கமும் என் வீட்டுக்காரர் லூர்துசாமியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டோடு ஒட்டியிருந்த ஒரே பேக்கரியில் வேலை பார்த்தார்கள், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றார்கள். ஆனால் அப்பனும் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். பேசவேண்டியது எதுவானாலும் என் வழியாகத்தான்.

"ஏம்மா, மாவு பொங்கிருச்சு. அடுப்பு காஞ்சிருச்சான்னு அந்த ஆளுகிட்டக் கேளு" என்பார் மாமா. அந்த ஆள் நாலடி தள்ளி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

"காஞ்சு கால் மணி நேரமாச்சு, மாவுதான் இன்னும் வந்து சேரலைன்னு பெரியவர்கிட்டச் சொல்லு" என்பார் அவர் மகன்.

இரண்டையும் நான் திருப்பிச் சொல்லவேண்டும். காதில்தான் விழுந்துவிட்டதே, மறுபடி எதற்கு என்று கல்யாணமான புதிதில் சும்மா இருந்து பார்த்தேன். இருவரும் அசையவில்லை. மாவு பொங்கி, தட்டில் வழிந்து, தரைக்கு வந்துவிட்டது. என் வாயால் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அது எழுபத்து நாலாம் வருஷம். இப்போது நான் சொல்லப்போவது எண்பத்தைந்தில் நடந்தது. பதினொரு வருஷமாக உப்பு, ஈஸ்ட், விறகு, வெந்நீர், கோயில் வரி, கோபம் என்று சகலத்தையும் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் சுமந்து என் தொண்டை தேய்ந்துபோயிருந்தது.

நான் செல்வமேரி. கொடைக்கானலில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பகலெல்லாம் அறுபது பிள்ளைகளின் புகாரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இரண்டு பேர் காத்திருப்பார்கள். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக நான் அழாத நாள் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. பிறகு அழுவதற்கும் நேரம் வேண்டுமே என்று விட்டுவிட்டேன். எனக்குப் பெண் கேட்டு வந்தபோது, மாமியார் இல்லாத வீடு, மகள் பிழைத்துக்கொள்வாள் என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அந்த மாமியார் செத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அவர் பெயர் கித்தேரியம்மாள். நான் பார்த்ததில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் நவம்பரில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. என் வீட்டுக்காரர் அப்போது மதுரையில் ஒரு பேக்கரியில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். மாமா தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தார்: "அம்மா சீரியஸ். உடனே வா."

நம் ஊரில் சீரியஸ் என்று தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் போயாச்சு. செத்துவிட்டார் என்று எழுதினால் தந்தியை வாங்குகிறவன் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவான் என்று, மனசைத் தயார்ப்படுத்துவதற்காகப் போடுகிற வார்த்தை. தந்தி மூன்று மணிக்குக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் படித்தார், அழுதார். மகன் வராமல் அடக்கம் பண்ணமாட்டார்கள், காலையில் போகலாம் என்று நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டார். பூக்கடைக்குப் போய்ப் பெரிய சம்பங்கி மாலை ஒன்று கட்டச் சொல்லி, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி, பத்து மணிக்கு மாலையும் கையுமாக வந்து இறங்கினார்.

அத்தை அன்று காலை ஐந்து மணிக்குத்தான் செத்திருந்தார். தந்தி கொடுத்தபோது நிஜமாகவே சீரியஸ்தான். ராத்திரி முழுக்க "லூர்து வந்துட்டானா, லூர்து வந்துட்டானா" என்று கேட்டிருக்கிறார்.

வாசலில் மாலையோடு நின்ற மகனைப் பார்த்து மாமா, "உசுரோட இருந்தவளுக்கு மாலை வாங்கப் போனியாலே" என்று கேட்டிருக்கிறார். "செத்தாத்தானே சீரியஸ்னு தந்தி அடிப்பாங்க, நீங்க ஏன் அப்படி அடிச்சீங்க" என்று மகன் கேட்டிருக்கிறார். "சீரியஸா இருந்தா வேற என்னலே அடிக்கிறது" என்றிருக்கிறார் மாமா. அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கும். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

எண்பத்தைந்து ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பழனியில் அவர்கள் சபை நடத்தும் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை வேண்டும். தங்க ஒரு அறை, பின்னால் ஒரு முருங்கை மரம், ஐந்து டீச்சர்கள். ஜூனில் சேரவேண்டும். "ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடு. எழுபத்தொன்பதிலும் உன்னைத்தான் கேட்டோம், வேண்டாம் என்றாய். மூன்றாம் தடவை கேட்கமாட்டோம், செல்வமேரி" என்றார்.

எழுபத்தொன்பதில் வேண்டாம் என்றதற்குக் காரணம் இந்த இரண்டு பேர்தான். இந்தத் தடவை எனக்கு அந்த அறை வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெரிய பதவி என்பதற்காக இல்லை. கதவைச் சாத்தினால் யாரும் "ஏம்மா" என்று கூப்பிடாத ஒரு அறை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டே, "பெரியவரு சம்மதிச்சா எனக்கொண்ணும் இல்ல. கேட்டுப் பாரு" என்றார்.

மாமாவிடம் கேட்டேன். "உன் புருஷன் இருக்கும்போது நான் யாரு சொல்றதுக்கு? அவன் சரின்னா சரி" என்றார்.

இவர் சரி என்றால் அவருக்குச் சரியாம், அவர் சரி என்றால் இவருக்குச் சரியாம். நடுவில் சரி என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று வாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். இரண்டு பேருமே இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஏப்ரல் முப்பது வந்து தானாகப் போய்விட்டால் யார்மேலும் பழி இல்லையே.

இதற்கு நடுவில் வீட்டில் டெலிவிஷன் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லியாகவேண்டும்.

மாமா பேக்கரி வைப்பதற்கு முன் ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர். ரொட்டி சுடப் பழகியதே அங்கேதான். மிஸ் ஹார்ட்லி என்று பெயர், மாமாவுக்கு மிஸ்ஸியம்மா. அந்தம்மா வயசாகிப்போய் அந்த வருஷம் ஜனவரியில் சீமைக்கே திரும்பினார். போகும்போது தன்னுடைய கறுப்பு வெள்ளை டெலிவிஷனை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மெட்ராஸ் எங்கள் மலையில் எடுக்காது. இலங்கை எடுக்கும். ஆனால் அதற்கு ஆன்டெனா உயரமாக நிற்கவேண்டும். என் வீட்டுக்காரர் பள்ளங்கியிலிருந்து நீளமான தைல மரக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து தகரக் கூரைமேல் கட்டினார். அவர் மேலே நின்று கம்பைத் திருப்ப, மாமா உள்ளே பெட்டிமுன் உட்கார்ந்திருக்க, நான் வாசலில் நின்றேன். "ஏம்மா, இன்னும் கொஞ்சம் கெழக்கால திருப்பச் சொல்லு." "இப்பத் தெரியுதான்னு கேளு." "தெரிஞ்சது போயிருச்சுன்னு சொல்லு." அன்றைக்கு ஒருநாள்தான் என் வேலைக்கு ஒரு நியாயம் இருந்தது. எந்த வீட்டிலும் ஆன்டெனா திருப்ப நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஒரு இங்கிலீஷ் நாடகம் வரும். சீமையில் ஏதோ ஒரு ஊர், ஒரு சின்ன வீடு, ஒரு கிழவன், அவன் மகன். இருவருக்கும் எந்நேரமும் சண்டை. ஜன்னலைத் திறந்துவைப்பதா மூடுவதா என்று ஒரு வாரம், யார் நாற்காலியில் யார் உட்கார்ந்தது என்று ஒரு வாரம். அவர்கள் சண்டை போடப் போட, எங்கிருந்தோ ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"யாரு சிரிக்கிறா?" என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "அக்கம்பக்கத்து ஆளுகதாம்மா. சத்தம் வெளிய கேக்குதுல்ல. நம்ம பதுருன்னிசா கேக்குற மாதிரி."

பதுருன்னிசா பக்கத்து வீடு. அவர் புருஷன் தஸ்தகீர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நடுவில் பலகைச் சுவர்தான். எங்கள் வீட்டு விஷயம் எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வராது. மாமாவுக்கு அடுப்படி இங்கிலீஷ் வரும். யெஸ் மேடம், சூப் ரெடி மேடம், டுமாரோ மட்டன் மேடம், அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் பங்களாவில் இருந்தவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொல்வது? எனக்குத்தான் தெரியும், டீச்சர் டிரெயினிங்கில் படித்தது. வீட்டில் என் இங்கிலீஷை யாரும் கேட்டதில்லை. மாமாதான் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் இரண்டு வாரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் அந்தக் கிழவன் தன் கம்பளிச் சாக்ஸில் ஒன்றைக் காணோம் என்று மகனைத் திட்டிக்கொண்டிருந்தான். மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்பங்காரன் சொல்றாம்மா. நான் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன், மொகம் பாத்து ஒரு வார்த்தை பேசினா உனக்கு என்ன கொறைஞ்சா போயிரும்ங்கிறான்."

சிரிப்புச் சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர், "அதுக்கு மகன் என்ன சொன்னான்னு கேளு" என்றார்.

நான் கேட்டேன். திரையில் மகன் சாக்ஸைத் தேநீர்க் கெட்டிலின்மேல் மாட்டிக்கொண்டிருந்தான். மாமா, "அவன் ஒண்ணும் சொல்லல. சும்மா நிக்கான்" என்றார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை ஆறரையிலிருந்து ஏழு வரை எனக்குச் சோலி குறைந்தது. அப்பன் சொல்றான், மகன் சொல்றான் என்று அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. என் பெயருக்கு ஒரு "ஏம்மா" போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் தப்பைத் திருத்தவில்லை. வகுப்பில் ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு மை போடுகிறவள், இங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பாரத்தை ஒரு பெட்டி தூக்குகிறது என்றால் வேண்டாம் என்று சொல்வேனா?

ஏப்ரல் இருபத்தெட்டு, ஞாயிறு. முப்பதுக்கு இரண்டு நாள் இருந்தது. இன்றைக்கு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, நாடகம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

திரையில் அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் ஒரே ஒரு அவித்த முட்டை. வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். யார் தின்பது என்று சண்டை. மாமா வழக்கம்போல உடனே ஆரம்பிக்கவில்லை. மங்கி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பங்காரன் தபாலாபீசுக்குப் போறாம்மா" என்றார்.

முட்டைச் சண்டையில் தபாலாபீசே கிடையாது.

"அங்க கவுண்டர்ல இருக்கிறவன் கேக்குறான், என்ன பெரியவரே, சீரியஸ்னு போட்டுரவான்னு. அப்பனுக்குத் தெரியும்மா. அப்படிப் போட்டா செத்துட்டான்னு நெனைப்பாங்கன்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? உசுரோட இருக்கா, வெரசா வான்னு போடணும்னுதான் நெனைச்சான். உசுரோட இருக்கான்னு எழுதிட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள போயிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டான். கண்ணு பட்டுருமோன்னு பயம். சரி, போடுங்கன்னுட்டான். தப்பு அவனோடதுதான்."

முட்டை கையிலிருந்து நழுவிக் கிழவனின் செருப்புக்குள் விழுந்தது. கூட்டம் ஓவென்று சிரித்தது.

என் வீட்டுக்காரர் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மகன் ஏதோ சொல்றான் போலிருக்கே" என்றார் என்னிடம். பிறகு அவரே சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேங்கிறான். நாலு மணி பஸ் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எடமும் இருந்துச்சு. காலைத் தூக்கி வைக்க முடியலங்கிறான். ஏறுனா ராத்திரியே அம்மா மொகத்தைப் பாக்கணும்ல. அதுக்குத் தைரியம் இல்ல அவனுக்கு. மாலை வாங்கணும்கிறது ஒரு சாக்கு. அதை யார்கிட்டயும் சொன்னதில்லங்கிறான். பொண்டாட்டிகிட்டக்கூட."

நிஜம்தான், என்னிடம் சொன்னதில்லை. பதினொரு வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்லாததை ஒரு முட்டைச் சண்டைக்கு நடுவில் சொன்னார்.

"அப்படித்தானே சொல்றான்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முதல் தடவையாக "கேளு" என்று என்னிடம் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆமா. அப்படித்தான் சொல்றான்" என்றார் மாமா. அவரும் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

நாடகம் முடிந்து எழுத்து ஓடியது. நான் எழுந்து பெட்டியை அணைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாதாவே, இந்த வீட்டில் ஒரு கதவு திறந்துவிட்டது, இனி இவர்கள் பேசிக்கொள்வார்கள், நான் நிம்மதியாகப் போகலாம் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவே இல்லை.

"செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள்" என்றேன். "நான் பழனிக்குப் போகணும்னு நினைக்கிறேன். சனி ஞாயிறு வந்துருவேன். மூணு வாரமா அவரைக் கேளு இவரைக் கேளுன்னு அலைய விட்டீங்க. இப்ப ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க. சொல்லுங்க."

மாமா மகன் பக்கம் திரும்பினார். அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"ஏலே லூர்து, இவளை அனுப்பிட்டு நாம ரெண்டு பேரும் என்னலே பண்றது?"

"அதாம்ப்பா நானும் யோசிக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஏலே. அப்பா. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத இரண்டு வார்த்தைகள். எத்தனை மெழுகுவத்தி கொளுத்தியிருப்பேன் இதற்காக. கேட்டதும் முழங்கால் போட்டு நன்றி சொல்லியிருக்கவேண்டும்.

"சோறு யாருலே ஆக்குறது? உனக்கும் தெரியாது, எனக்குக் கண்ணும் தெரியல."

"சோறு கெடக்கட்டும்ப்பா. பேக்கரியில ஒண்ணு கேக்கணும்னா யாரைக் கேக்குறது?"

"அதைச் சொல்லு. சிஸ்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லிருலே, வீட்டுல வயசானவர் இருக்காரு, தோதுப்படாதுன்னு."

"நாளைக்கே போறேன். வெள்ளனே போயிட்டு வந்துர்றேன்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பதுருன்னிசா, "யா அல்லாஹ், பேசிட்டாங்கடி!" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன். பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக்கிடந்த இரண்டு வாயும் திறந்தது என்னை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குத்தான். என்னைப் பார்த்து ஒருவராவது, உனக்கு அங்கே போகப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாரா? இத்தனைக்கும் நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"போதும்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உங்களுக்கு வாய் இல்லைன்னுதான் நான் இத்தனை வருஷம் இருந்தேன். நல்லாத்தான் பேசுறீங்க. இனிமே நான் எதுக்கு?"

மாவு பிசைகிற மேஜையைத் துடைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சிஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். திங்கட்கிழமை காலையில் மாமா பழைய குரலில், "ஏம்மா, உப்புப் போட்டாச்சான்னு அந்த ஆளுகிட்டக் கேளு" என்றார். தாங்கள் ஒன்றாகப் பேசியும் நான் கேட்கவில்லையாம், அதனால் அந்தப் பேச்சே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்டார். நான் பின்னலைக் கட்டினேன்.

அன்றைக்கு மாமாவும் உப்புப் போட்டார், மகனும் உப்புப் போட்டார். பூம்பாறைக் கடைகளுக்குப் பஸ்ஸில் போன ரொட்டி அத்தனையும் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பி வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அந்தக் கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் பதினொரு வருஷம் போனது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மே மாதம் முழுக்க இப்படித்தான். நான் எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவர்கள் சுவரிடம் சொன்னார்கள், பூனையிடம் சொன்னார்கள், கடைக்கு வருகிற டூரிஸ்டுகளிடம்கூடச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நாடகமும் முடிந்துபோய், அந்த நேரத்துக்குச் சிங்களப் பாட்டு போட்டுவிட்டார்கள். ஒருநாள் ரொட்டி தீய்ந்தது. ஒருநாள் மாவே பிசையவில்லை, இருவரும் மற்றவர் பிசைவார் என்று படுத்திருந்தார்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, பூனையிடம் சொன்னதற்குப் பூனை பதில் சொல்லாமலே காரியம் நடக்க ஆரம்பித்தது. உப்பு ஒரு தடவை மட்டும் விழுந்தது.

என் வீட்டுக்காரர் என்னோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் நான் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நானா இருந்தாலும் போயிருப்பேன்" என்றார்.

நான் சேலையைக் கீழே வைத்தேன். "இதை ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பேல்ல" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் கெட்டவர் இல்லை. மாமாவும் கெட்டவர் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

ஜூன் ஒன்றாம் தேதி சனிக்கிழமை. பழனி பஸ் கிளம்ப இருந்தது. என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியை பஸ்மேல் ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். நல்ல குளிர், தூறல். அவசரத்தில் ஸ்வெட்டர் போடாமல் வந்துவிட்டார். மாமா கம்பளி மஃப்ளரோடு குடையைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். ஒரு பொட்டலத்தை நீட்டினார். பன், இன்னும் சூடாக இருந்தது.

"நல்லா இரும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற மகனைத் தலையால் காட்டி, "ஏம்மா, அந்த ஆளுகிட்டச் சொல்லு, குடைக்குள்ள வந்து நிக்கச் சொல்லு" என்றார்.

பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. சொல்லவேண்டிய வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னால் உள்ளே போய் நிற்பதற்குத் தயாராக.

நான் சொல்லவில்லை. பன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

வளைவில் திரும்பும்போது மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். மாமா குடையை நீட்டிக்கொண்டு ஏதோ கத்திக்கொண்டிருந்தார். மகனும் கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாயும் ஒரே நேரத்தில் அசைந்தன. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடையைப் பற்றிய சண்டையா, என்னைப் பற்றியா, அத்தையைப் பற்றியா, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். ஒன்றும் கேட்காதது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமாள்மலை வருவதற்குள் தூங்கிப்போனேன்.